பாட்டுப் பக்கத்தில் ஓர் எழுத்து

"மோளே, இது என்ன எழுத்து?"

"எது ஆசானே?"

"என் வெள்ளிக் கோல் நிக்கிற இடம். முன்னால இருக்கிறதையும் பார்க்காதே, பின்னால இருக்கிறதையும் பார்க்காதே. இதை மட்டும் பாரு."

"வாவ்."

"நிச்சயமா? யோத் இல்லையே?"

"வாவ்தான்."

"சரி. போய் விளையாடு."

தாவீது ஆசானும் ஏழு வயது ரூமாவும் பேசிய பேச்சு இது. நடந்து முப்பத்தொரு வருஷமாகிவிட்டது. ஆசான் மண்ணுக்குள் போயே பதினாறு வருஷம். ஆனாலும் ரூமா தேங்காய் துருவும்போதும், கோழிக்குத் தவிடு வைக்கும்போதும், அந்த வாக்கியங்கள் தாமாகவே வந்து காதில் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் கடைசி வாக்கியத்தில்தான் அவள் மனம் போய் மாட்டிக்கொள்ளும். போய் விளையாடு என்றாரே தவிர, இன்னொரு தடவை பார்த்துச் சொல் என்று அவர் சொல்லவில்லை.

யூதர்களின் வேதமான தோராவை எபிரேயத்தில் எழுதிய சுருளில் ஓர் எழுத்து தேய்ந்து இன்னோர் எழுத்தைப்போலத் தோன்றினால், படித்தவர்கள் கூடி அதைத் தீர்மானிக்க முடியாது. படித்தவனுக்கு வாக்கியம் தெரியும். கண் தடுமாறினாலும் மனம் சரியான எழுத்தை எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் எழுத்து மட்டும் தெரிந்த, பொருள் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். குழந்தை என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. சரியான எழுத்தைச் சொன்னால் சுருள் நல்ல சுருள். வேறு எழுத்தைச் சொல்லிவிட்டால், சரிசெய்யும்வரை அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசிக்கக் கூடாது.

கொச்சிக்கு வடக்கே, பறவூர் யூதத் தெருவின் ஜெபக்கூடத்தில் ஐந்து சுருள்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் தெருப் பெண்கள் ஆளுக்கொரு வளையல் கழற்றிக் கொடுத்து வெள்ளிக் கூடு செய்திருந்தார்கள். ரூமாவின் பாட்டிக்குப் பாட்டி காலத்துக் கதை அது. கையெழுத்து அழகில் அதை மிஞ்ச ஒன்று கொச்சியிலும் கிடையாது என்பார்கள். மோசேயின் ஜனங்கள் செங்கடலைக் கடந்து பாடிய பாட்டு வருகிற சபாத்தன்று, அந்தச் சனிக்கிழமை ஓய்வுநாளில், அந்தச் சுருளில்தான் வாசிப்பது வழக்கம். அதில்தான், பாட்டுப் பக்கத்தில், ஒரு வாவ் எழுத்தின் கால் உப்புக் காற்றில் உதிர்ந்து குட்டையாகிப் போயிருந்தது. நீளக் கால் இருந்தால் அது வாவ். கால் இல்லாமல் மேலேயே தொங்கினால் யோத். ஆசானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வருஷம் தெருப் பையன்கள் அத்தனை பேருக்கும் அம்மை போட்டிருந்தது. ஆசான் ரூமாவின் அப்பாவிடம், "உன் பொண்ணுக்கு எழுத்து தெரியும். அர்த்தம் ஒரு மண்ணும் தெரியாது. அவளைக் கூட்டிட்டு வா" என்றார்.

ஆசானின் கணக்கு தப்பிய இடம் அதுதான். ஜெபக்கூடத்தின் மாடியில், மரக்கிராதிக்குப் பின்னால் பெண்கள் உட்காரும் இடத்தை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்களில் சபாத் வாசிப்பு கீழே நடக்காது. மாடியிலேயே ஒரு மேடை உண்டு. கிராதிக்கு அந்தப் பக்கம் சுருள், இந்தப் பக்கம் பெண்கள். நடுவில் இரண்டு எட்டு தூரம். மடியில் கிடக்கிற குழந்தைக்குக்கூட வாசிக்கிறவரின் மூச்சு கேட்கும். ரூமா அந்தப் பாட்டைப் பால் குடிக்கிற வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். 'என் வலிமையும் பாட்டும் அவரே' என்ற அடி வரும்போது அம்மாவின் நெஞ்சு அதிர்வதைக் கன்னத்தில் வாங்கியவள். வலிமையையும் பாட்டையும் சேர்த்துக் கட்டுகிற அந்த 'உம்', எபிரேயத்தில் ஒரே எழுத்து. ஆசானின் கோல் நின்றது அதன்மேல்தான்.

அன்று அப்பா அவளைத் தூக்கி நிறுத்தியபோது, ரூமா முதலில் பார்த்தது எழுத்தை அல்ல. பக்கத்தை.

மற்றப் பக்கங்கள் வயல்போல் இடைவெளி இல்லாமல் நிரம்பிக் கிடக்கும். இந்தப் பக்கம் அப்படி இல்லை. கருத்த எழுத்துகள் செங்கல் செங்கலாக அடுக்கி நின்றன. ஒரு வரியில் செங்கல் இருக்கும் இடத்துக்கு நேர்கீழே அடுத்த வரியில் வெறும் வெளி. வெளிக்குக் கீழே மறுபடி செங்கல். எழுதியவன் ஒரு மதிலையே கட்டி வைத்திருந்தான். இரண்டு பக்கமும் தண்ணீர் மதிலாக நின்றது என்று பாட்டுக்கு முன்னால் வருமே, அந்தத் தண்ணீர் இதோ நிற்கிறது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியது. வெள்ளை வெளிகளெல்லாம் காய்ந்த தரை. அதில் கால் வைத்து நடக்கலாம். தோல் ஏட்டிலிருந்து ஏலமும் மையும் கலந்ததுபோல் ஒரு வாசனை வந்தது. அவளுக்கு மூச்சு நின்று போயிற்று. அப்போதுதான் ஆசான் கேட்டார். அவள் கண் மதிலிலேயே இருந்தது. வாய் தானாகப் பாட்டிலிருந்து எழுத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது.

அந்த எழுத்தை அவள் பார்க்கவே இல்லை.

தெருவுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு பெண்குழந்தையின் சொல்லால் வெள்ளிக்கூட்டுச் சுருள் பிழைத்தது என்பதுதான் தெருவுக்குத் தெரிந்தது. பெண்கள் அவளை விடவில்லை. "உள்ளே எப்படி இருந்துச்சு, சொல்லுடி" என்று சட்டியைப் பாதியில் போட்டுவிட்டு வந்து கேட்டார்கள். கிராதிக்கு இந்தப் பக்கம் எத்தனையோ தலைமுறையாகக் காதை மட்டும் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். தங்களில் ஒருத்தி கிட்டத்தில் நின்று பார்த்துவிட்டாள். ரூமா மதிலைப் பற்றிச் சொல்லச் சொல்ல, வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டார்கள். அவளுடைய யோகெபேத் அத்தை பாட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரி. ஒரே வாரத்தில் மலையாளத்தில் ஒரு பாட்டுக் கட்டிவிட்டாள்.

'ஏழு வயசுக் கண்ணு போய் ஏட்டுக்குள்ளே கடலைக் கண்டது,
கண்டதைக் கண்டபடி சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடுங்கடி.'

அந்தப் பாட்டு ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்குப் போயிற்று. கல்யாணத்துக்குக் கல்யாணம் பாடினார்கள். மாளையில் பாடினார்கள், சேந்தமங்கலத்தில் பாடினார்கள். இரண்டாவது அடி வரும்போது ரூமா வாயை மட்டும் அசைப்பாள். சத்தம் வராது.

அவளைக் கல்யாணம் செய்துகொண்டவனோ அந்தப் பாட்டின் பெரிய ரசிகன். நெகேமியாவுக்கு அந்த வருஷம் பத்து வயது. அம்மை போட்டுப் படுத்திருந்த பையன்களில் ஒருவன். "எனக்கு மட்டும் அம்மை வராம இருந்திருந்தா அந்தப் பாட்டு என் பேர்ல இருந்திருக்கும்" என்று பெண் பார்க்க வந்தபோதே சொன்னான். "பாட்டுதான் போச்சு, அந்தக் கண்ணாவது வீட்டுக்கு வரட்டும்" என்று கல்யாணத்தன்று சொன்னான். பிறகு அவனே ஜெபக்கூடத்தில் வாசிப்பவன் ஆனான். வாட்டசாட்டமான ஆள். அவன் மேடையில் நின்றால் கிராதிக்கு இந்தப் பக்கம் சுருள் தெரியாது.

"உங்க குரலைக் குறை சொல்ல மாட்டேன். தோளைத்தான் கொஞ்சம் செதுக்கணும்" என்றாள் ரூமா, கல்யாணமான முதல் வருஷம்.

அதற்கடுத்த ஆண்டு பாட்டு வந்தபோது நெகேமியா இடது பக்கம் ஒரு எட்டு நகர்ந்து நின்றான். யாரும் கவனிக்கவில்லை. ரூமாவுக்கு மட்டும் மதில் தெரிந்தது. அதன் பிறகு வருஷா வருஷம் அந்த ஒரு எட்டு. இருபது வருஷமாக அவன் அவளுக்குத் தருகிற பரிசு. கம்மலோ வளையலோ வாங்கித் தந்திருந்தால் எங்காவது வைத்து மறந்திருப்பாள். இதை மறக்க முடியவில்லை. அவன் நகரும்போதெல்லாம் அவள் மதிலுக்குள் அந்த எழுத்தைத் தேடுவாள். இரண்டு எட்டு தூரத்தில் அது கடுகளவுகூட இருக்காது.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. ஆசான் படுக்கையில் விழுந்தபோது கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். சொல்லத்தான் போனாள். அவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "என் ஆயுசுல நான் உறுதியாச் செஞ்ச காரியம் ஒண்ணு உண்டுன்னா அன்னைக்கு உன்னைக் கேட்டதுதான், மோளே" என்றார். கஞ்சியை ஊட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். தலைப்பிரசவத்துக்கு முன்னால் ஒரு தடவை நெகேமியாவிடம் ஆரம்பித்தாள். அதற்குள் வலி எடுத்துவிட்டது.

இப்போது மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, ஆங்கில வருஷம் 1937. மகர மாதம். யெமனிலிருந்து யிஹ்யா என்றொரு எழுத்தர் வந்திருந்தார். சுருள்களைச் சோதித்து, கிழிந்த தையலைத் தைத்து, மங்கிய எழுத்துக்கு மை பூசுகிற வேலை. இரண்டு வாரமாக ஜெபக்கூடத்து வாசல் அறையில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்குப் படகு. மறுபடி எப்போது வருவார், வருவாரா என்பதே தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் ரூமா சபாத்துக்கான கோழியை அரிசியோடு பானையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது நெகேமியா வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"எழுத்தர் வேலை முடிஞ்சுது. அஞ்சு சுருளும் ஆச்சு."

"வெள்ளிக்கூடுமா?"

"அதைத்தான் கடைசியா எடுத்தார். தையல் ரெண்டு எடத்துல விட்டிருந்துச்சு. பாட்டுப் பக்கம் வந்ததும் விளக்கைக் கிட்டக் கொண்டு வரச் சொன்னார். நான் சொன்னேன், ஐயா, அந்தப் பக்கத்துக்குச் சாட்சி என் வீட்டுல சோறாக்கிட்டு இருக்குன்னு."

ரூமாவின் கை பானைக்குள் நின்றது. "அப்புறம்?"

"முழுக் கதையும் எனக்குத் தெரிஞ்ச எபிரேயத்துல சொன்னேன். பாட்டையும் பாடிக் காட்டினேன்."

"உங்களை யாரு பாடச் சொன்னது?"

"பாடினா என்ன, என் பொண்டாட்டி பாட்டுதானே. அவர் விளக்கைத் தள்ளி வெச்சுட்டார். குழந்தை சாட்சி சொல்லித் தீர்ந்த எழுத்தை நான் மறுபடி சோதிச்சா அது மரியாதை இல்லைன்னுட்டார். பக்கத்தைச் சுருட்டிட்டார்."

"பார்க்கவே இல்லையா?"

"எதுக்குப் பார்க்கணும்? நீதான் பார்த்துட்டியே."

அடுப்பு புகைந்தது. ரூமா குனிந்து ஊதினாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் புகையைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். "ஒரு விஷயம் கேக்கணும் உங்ககிட்ட" என்றாள்.

"கேளு."

அதற்குள் பக்கத்து வீட்டு மல்கா நோட்டுப் புத்தகமும் கையுமாக உள்ளே வந்துவிட்டாள். ரூமாவோடு ஒன்றாக எழுத்துப் படித்தவள். நாக்கு நீளம்.

"அண்ணே, நகருங்க. பெரிய மனுஷிகிட்டப் பேச வந்திருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் எழுத்தருக்கு விடை கொடுக்கிறப்போ பொம்பளைங்க பாடுறோம். உன் பாட்டுதான் முதல்ல. அவரே கேட்டாராம்."

"வேற பாட்டே இல்லையா உங்களுக்கு?"

"இருக்கே, நாலு நோட்டு நிறைய. ஆனா அதுல ஒண்ணுலயும் நீ இல்லையே." மல்கா தேங்காய்த் துருவலில் ஒரு கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நெகேமியா குளிக்கப் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்காவது ரெண்டாவது அடியைப் பாடு."

"பாடாம?"

"யாருகிட்ட விடுற? இருபது வருஷமா உன் பக்கத்துல நின்னு பாடுறேன். முதல் அடி மணி மாதிரி வரும். ரெண்டாவது அடி வந்தா வாய் மட்டும் அசையும், மீன் மாதிரி."

"தொண்டை அடைக்கும்."

"எல்லாருக்கும்தான் அடைக்கும். வருஷா வருஷம் ஒரே எடத்துல அடைக்கிற தொண்டையை நான் உன்கிட்டத்தான் பார்த்தேன்." மல்கா இன்னொரு கை துருவலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிக் கண்ணை மூடியபோது ரூமா பிள்ளைகளுக்காகக் கேட்டாள், மழைக்காகக் கேட்டாள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அது கடவுளிடம் கேட்கிற விஷயமாகவும் அவளுக்குத் தோன்றவில்லை. மனிதர்கள்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

சபாத் காலை. மாமரங்கள் பூத்திருந்தன. தெருவே புது முண்டின் மடிப்பு வாசனையோடு ஜெபக்கூடத்துக்கு நடந்தது. மாடிப் படியேறிப் பெண்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ரூமாவின் இடம் கிராதியை ஒட்டி, மேடைக்கு நேர் பின்னால். அவள் அம்மா உட்கார்ந்த இடம்.

கீழே பெட்டி திறந்தது. வெள்ளிக்கூட்டுச் சுருள் வெளியே வந்தபோது மாடியே எழுந்து நின்றது. சுருளைச் சுமந்துகொண்டு மாடிக்கு வந்தார்கள். கிராதிக்கு அப்பால் அதை நிமிர்த்தி வைத்து, கூட்டின் இரு கதவுகளையும் திறந்தார்கள். தொங்கு விளக்குகளின் எண்ணெய் வெளிச்சம் வெள்ளியில் பட்டுக் கூரைப் பலகைகளில் அசைந்தது. எத்தனையோ வளையல்கள் அந்த வெள்ளிக்குள் இருந்தன. யாருடைய கையில் எது இருந்தது என்று இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ரூமாவுக்கு அது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். எழுத்தர் யிஹ்யாவை மரியாதைக்காக மேடை ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். மெலிந்த மனிதர். விரல் நுனிகளில் மை.

நெகேமியா வாசிக்கத் தொடங்கினான். பார்வோன் துரத்தி வந்தான். முன்னால் கடல், பின்னால் தேர். ஜனங்கள் மோசேயிடம் சண்டை பிடித்தார்கள். இரவு முழுதும் கிழக்குக் காற்று வீசியது. தண்ணீர் பிளந்தது. எத்தனை வருஷம் கேட்டாலும் இந்த இடத்தில் மாடியில் ஒரு இருமல் சத்தம்கூட வராது. கைக்குழந்தைகள்கூட எப்படியோ அடங்கிவிடும். ரூமாவுக்குப் பின்னால் ஐம்பது பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாங்களே அந்தக் கரையில் நிற்பதுபோல் நின்றார்கள். எல்லாம் அவர்களுக்குத் தெரியும், அடுத்த சொல்கூடத் தெரியும். இருந்தாலும் கடல் திறக்குமா என்று பயந்தபடி நின்றார்கள்.

பாட்டு தொடங்குகிற இடம் வந்தது. நெகேமியா இடது பக்கம் ஒரு எட்டு நகர்ந்தான்.

மதில் தெரிந்தது. கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை. ஏழு வயதில் நின்றுபோன மூச்சு மறுபடி நின்றது. அவ்வளவு பெரிய தண்ணீரைத் தூக்கி நிறுத்திய கை, அதை எழுதுவதற்கு ஒரு மனிதனின் விரலையும், அதைத் தாங்குவதற்கு ஓர் ஆட்டின் தோலையும், அது சரியா என்று சொல்வதற்கு ஒரு சின்னப் பெண்ணின் கண்ணையும் நம்பியிருக்கிறதே என்று நினைத்தாள். அந்தக் கை அவளை நம்பியது. ஆசான் நம்பினார். அப்பா நம்பினார். இதோ, இந்த மனுஷன் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறானே, இவன் நம்பினான். யெமன்காரர் கையில் விளக்கோடு வந்து, அவள் பெயரைக் கேட்டதும் விளக்கைத் தள்ளி வைத்துவிட்டார்.

முதல் வரி முடிந்தது. குதிரையும் குதிரைவீரனும் கடலில் விழுந்தார்கள். பெண்கள் மெதுவாகச் சேர்ந்து முனகத் தொடங்கினார்கள். அடுத்தது அந்த அடி. வெள்ளிக் கோல் தோலைத் தொடாமல் மேலேயே நகர்ந்து வருவதை ரூமா பார்த்தாள். வலிமை என்ற சொல்லுக்கு வந்தது. அதைத் தாண்டப் போயிற்று.

ரூமா கிராதியின் கட்டங்களுக்குள் விரல்களை நுழைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு எட்டு தூரம்தானே. கோல் நின்றது. பெண்களின் முனகல் ஒவ்வொருத்தியாக அறுந்தது. கீழே ஆண்கள் தலையை அண்ணாந்து பார்த்தார்கள். சபையின் நடுவில் எந்தப் புருஷனும் பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நெகேமியா கூப்பிட்டான்.

"ரூமா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை."

"பின்னே?"

மல்கா பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். இழுக்கிறாள் என்றுதான் ரூமா முதலில் நினைத்தாள். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஆசான் காட்டின எழுத்தை நான் பார்க்கலை" என்றாள் ரூமா. "பக்கத்தைப் பார்த்து மலைச்சுப் போய் நின்னேன். அவர் கேட்டதும் பாட்டு வாயில வந்துடுச்சு. எனக்கு அர்த்தம் தெரியாதுன்னு அவர் நினைச்சார். தெரியும். இங்கே உக்காந்துதான் கத்துக்கிட்டேன்."

யாரோ ஒருவர் கீழே ஏதோ சொன்னார். இன்னொருவர் அவரை அடக்கினார். எழுத்தர் யிஹ்யாவுக்கு அவள் பேச்சு புரியவில்லை. ஆனால் அவர் கண் கோலின் நுனிக்குப் போயிருந்தது. நெகேமியா மெதுவாகத் திரும்பினான். கட்டங்களுக்கு அந்தப் பக்கம் அவன் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. கோபம் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. முப்பத்தொரு வருஷத்து வாசிப்பையும், பத்து ஊர்களில் பாடிய பாட்டையும், கல்யாணத்தன்று அவன் சொன்ன வார்த்தையையும் அவன் ஒரே மூச்சில் எண்ணிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இத்தனை வருஷம் நீ ஏன்..." என்று தொடங்கியவன் அதை முடிக்கவில்லை. வேறு கேள்வி கேட்டான். "அது வாவ் இல்லைங்கிறியா?"

"வாவா யோத்தான்னு எனக்குத் தெரியாது. அதைத்தான் சொல்றேன். தெரியாதுன்னு யாருகிட்டயும் சொல்ல முடியாம இருந்துட்டேன்." கிராதியிலிருந்து விரல்களை எடுக்காமலே அவனிடமும் எழுத்தரிடமும், கீழே அண்ணாந்து நின்ற அத்தனை பேரிடமும் கேட்டாள்: "சுருளை விளக்குக்குக் கிட்டக் கொண்டு போய், அந்த எழுத்தை இன்னொரு தடவை பாருங்க."